பெட்டி எஞ்சின் யாருக்குக் கிடைக்கிறது? ஷார்ட் டிராக் தனியார் அணிகளுக்காக ஒரு விவாதம்

செந்தில் (வட கரோலினா)

வணக்கம். வாரநாளில் எனக்குக் கணினி வேலை. சனிக்கிழமை வந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் லேட் மாடல் காருக்கு (உள்ளூர் வட்டத் தடங்களில் ஓடும் ஒரு வகைப் பந்தயக் கார்) டயர் உருட்டவும் பெட்ரோல் ஊற்றவும் ஹிக்கரி தடத்துக்குப் போய்விடுவேன். 1951-இல் தொடங்கிய தடம். ஒரு சுற்று ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஒரு மைலுக்குக் குறைந்த இப்படிப்பட்ட வட்டத் தடங்களைத்தான் இங்கே ஷார்ட் டிராக் என்கிறார்கள். அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தச்சர், பிளம்பர், லாரி டிரைவர், விவசாயி போன்றவர்கள். ஸ்பான்சர் என்றால் ஊரில் உள்ள டயர் கடையும் உணவகமும்தான்.

எங்கள் எஞ்சின் இந்த சீசனோடு ஓய்ந்துவிட்டது. புதிதாக எதை வாங்குவது என்று நானும் அவரும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படிப் பேசியபோதுதான் ஒன்று உறைத்தது. "கார் தயாரிப்பாளரின் ரேஸ் எஞ்சின் எல்லோருக்கும் கிடைக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கிடைப்பது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக: ஜெனரல் மோட்டார்ஸ் 2000-களின் தொடக்கத்தில் இருந்து, ஆலையிலேயே பூட்டி சீல் வைத்த எஞ்சின்களை வட்டத் தடப் பந்தயத்துக்கு விற்கிறது. மரப்பெட்டியில் வருவதால் க்ரேட் எஞ்சின் என்று பெயர். இங்கே நான் பெட்டி எஞ்சின் என்றே எழுதுகிறேன். இரண்டு வகைதான் அதிகம் ஓடுகிறது: 602, 604. முதலில் வந்த உதிரிபாக எண்களான 88958602, 88958604 இரண்டின் கடைசி மூன்று இலக்கம் அது. இரண்டுமே 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். 602-இல் இரும்பு ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), சுமார் 350 குதிரைசக்தி. 604-இல் அலுமினிய ஹெட், சுமார் 400 குதிரைசக்தி.

என் கேள்வி இதுதான். பணத்தோடு கடைக்குப் போகிற எந்தத் தனியாளுக்கும் அதே எஞ்சின் கிடைக்குமா? கிடைத்த பிறகு அதை அவர் பழுது பார்க்க முடியுமா? பத்து வருடம் கழித்தும் உதிரி வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அதைக் கிடைப்பது என்பேன். உங்கள் அனுபவம் என்ன?

மண்தட ரசிகன் (ஜார்ஜியா)

செந்தில் அண்ணா, நான் மண் தடத்து ஆள். எங்கள் பக்கம் பெட்டி எஞ்சின் வந்திருக்காவிட்டால் பாதிப் பேர் காரை விற்றுவிட்டு மீன் பிடிக்கப் போயிருப்பார்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

லேட் மாடலில் மேல் வகுப்பான சூப்பர் லேட் மாடலில் ஓடும் அலுமினிய எஞ்சின் ஒன்று இன்றைக்கு 40,000 டாலரைத் தாண்டும். அதையும் சில நூறு சுற்றுகளுக்கு ஒருமுறை கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பந்தயத்தில் ஜெயித்தால் கையில் வருவது ஆயிரம், இரண்டாயிரம் டாலர். கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. 604 அதில் ஒரு சிறு பங்கு விலை, 602 அதிலும் குறைவு. ஒழுங்காக எண்ணெய் மாற்றி, வால்வு ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டால் ஒரு எஞ்சின் இரண்டு மூன்று சீசன் தாங்கும்.

இன்னொரு விஷயம். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்று ஆனபோது எங்கள் தடத்தில் பதினெட்டு வயதுப் பையன்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். பணக்கார அணியின் சக்திக்கு முன் தோற்ற பையன்கள் இவர்கள். சக்தி சமமானதும் ஷாக் அப்சார்பரிலும் டயர் அழுத்தத்திலும் மண்டையை உடைத்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

லேத் பட்டறை (கோவை)

தம்பிகளே, நான் நாற்பது வருடம் எஞ்சின் ரீபோர் செய்தவன். அமெரிக்கத் தடம் எதையும் நேரில் பார்த்ததில்லை, பந்தயம் டிவியில் மட்டும்தான். ஆனால் எஞ்சினுக்கு எந்த நாடும் ஒன்றுதான்.

சீல் வைத்த எஞ்சினை நான் எப்படி என் எஞ்சின் என்று சொல்வது? பணம் கொடுத்தது நான், திறக்க மட்டும் உரிமை இல்லை. உள்ளே ஒரு பிஸ்டன் ரிங் போனால்கூட அங்கீகாரம் பெற்ற கடைக்கு அனுப்பி, அவர்கள் பிரித்து, மாற்றி, புது சீல் வைத்துத் தர வேண்டும். என் ஊரில் அப்படி ஒரு கடை இல்லையென்றால்? முந்நூறு மைல் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

அதைவிட வருத்தம், கைத்தொழில் போகிறது. ஒரு ஊரில் பந்தயம் இருந்தால் அங்கே ஒரு ஹெட் மெஷின் செய்கிறவர், ஒரு கிராங்க் அரைக்கிறவர், ஒரு கார்புரேட்டர் டியூன் செய்கிறவர் வாழ்ந்தார்கள். தனியார் பந்தயக்காரனுக்குப் பெரிய அணிகளை எதிர்க்க இருந்த ஒரே ஆயுதம் அந்த மூளைதான். இரவெல்லாம் போர்ட்டைத் தேய்த்து ஐந்து குதிரைசக்தி கண்டுபிடிப்பான். அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே பெட்டி என்றால், பணம் அடுத்த இடத்துக்கு ஓடும். ஷாக்குக்கும் டயருக்கும் சோதனை ஓட்டத்துக்கும் செலவு செய்கிறவன்தான் அப்போதும் ஜெயிப்பான்.

செந்தில் (வட கரோலினா)

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி என் வீட்டிலேயே நடந்தது. எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்னால் ஒருவரிடம் பழைய 604 வாங்கினோம். ஓரளவு மலிவு. ஆலையில் வைக்கிற சீல் போல்ட் எல்லாம் இடத்தில் இருந்தன. இன்டேக், ஹெட், முன்மூடி, எண்ணெய்ச் சட்டி என நான்கு இடத்திலும் இறுக்கியதும் தலை முறிகிற வகைப் போல்ட். பார்த்தோம், திருப்தி. நான்காவது பந்தயத்தில் இரண்டாவதாக வந்தோம். சோதனை அறையில் ஆய்வாளர் அரை நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு போல்ட் போலி என்றார். எங்களுக்கு முன்னால் யாரோ திறந்து, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டை மாற்றிவிட்டு, போலிப் போல்ட் போட்டு மூடியிருக்கிறார்கள். எங்கள் இடம் போனது, பரிசுப் பணம் போனது, பாதி சீசனுக்கு எங்களை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை.

அந்தக் காலத்துப் போல்ட்டைப் போலியாகச் செய்வது சுலபம் என்பதால்தான் பல தொடர்கள் எண் பொறித்த கம்பி சீலுக்கு மாறின. எந்த எண் எந்த எஞ்சினில் என்று பதிவு வைத்திருப்பார்கள். சீலைத் தொடாமலேயே அளக்கவும் கருவிகள் இருக்கின்றன. விசிலர் என்ற ஒன்று, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி வருகிற ஒலியை வைத்தே அழுத்த விகிதத்தைச் சொல்லிவிடும். ஆக ஏமாற்றைப் பிடிக்க முடியும். ஆனால் பழைய எஞ்சின் வாங்குகிற ஏழைதான் முதலில் மாட்டுகிறான். புதுசு வாங்குகிறவனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

இவ்வளவு நடந்தும் நான் சீலுக்கு எதிரி இல்லை. சீல் இல்லாத காலத்தில் எங்கள் அணியால் பந்தயத்துக்கே வந்திருக்க முடியாது.

பழைய பேப்பர் (டொராண்டோ)

இந்த "கிடைப்பது" பற்றிய சண்டை பெட்டி எஞ்சினோடு தொடங்கியது இல்லை. அறுபது வருடத்துக்கு முன்பே, அமெரிக்காவின் பெரிய கார் பந்தய அமைப்பான நாஸ்காரில் வெடித்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957 ஜூனில் அமெரிக்க வாகனத் தயாரிப்பாளர் சங்கம், பந்தயத்துக்கு ஆதரவு தருவதை நிறுத்துவதென்று முடிவெடுத்தது. வெளியே சொன்னது அது. பின்கதவு வழியாகச் சிலருக்கு உதிரிகள் போய்க்கொண்டேதான் இருந்தன. தனியார் ஓட்டுநர்களுக்கு இதில் இரட்டை அடி. முன்கதவு மூடிவிட்டது, பின்கதவு எங்கே என்று தெரியாது.

அப்புறம் 1963. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலெட் 427 கன அங்குல எஞ்சின் ஒன்றை நாஸ்காரின் பெரிய தடமான டேடோனாவுக்குக் கொண்டுவந்தது. பத்திரிகைகள் மர்ம எஞ்சின் என்று பெயர் வைத்தன. பிரதானப் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு தகுதிப் பந்தயங்களையும் அதுவே ஜெயித்தது. ஓட்டியவர்கள் ஜூனியர் ஜான்சனும் ஜானி ரதர்ஃபோர்டும். அந்த எஞ்சின் கையில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே குளிர்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை எல்லாப் பந்தய உதவியையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. ஜான்சன் மிச்சமிருந்த உதிரிகளை வைத்தே அந்த வருடம் 7 பந்தயங்களை ஜெயித்தார். உதிரி மட்டும் வந்துகொண்டிருந்தால் இன்னும் எத்தனை ஜெயித்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாட்டிலேயே வேகமான கார் அவருடையது, ஆனால் உடைந்தால் மாற்ற ஆளில்லை. செந்தில் கேட்ட மூன்றாவது கேள்வி இதுதானே?

1964-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் 426 ஹெமி என்ற எஞ்சின் வந்தது. டேடோனாவின் பிரதானப் பந்தயமான டேடோனா 500-இல் முதல் மூன்று இடமும் ஹெமி பூட்டிய, கிரைஸ்லரின் பிளைமவுத் கார்களுக்கு. ரிச்சர்ட் பெட்டி என்ற ஓட்டுநர் 200 சுற்றில் 184 சுற்று முன்னணியில் ஓடினார். எந்த ஷோரூமிலும் வாங்க முடியாத எஞ்சின் அது. மற்றவர்கள் கொதித்தார்கள். 1965-க்கு நாஸ்கார் விதியை இறுக்கியது: பொதுமக்களுக்கு விற்கிற காரில் இருக்கும் எஞ்சின்தான் வரலாம். கிரைஸ்லர் கோபித்துக்கொண்டு அந்த வருடத்தின் பெரும்பகுதி விலகி நின்றது, ரிச்சர்ட் பெட்டி நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ் ஓட்டப் போனார். 1966 மாடலில் சாலைக் காரிலேயே ஹெமியைக் கொடுத்தார்கள். விதி எழுதுகிறவர்கள் உறுதியாக நின்றால் தயாரிப்பாளர் இறங்கி வருவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நிலா (மிச்சிகன்)

நான் இங்கே வாகன உதிரிபாகத் துறையில் இருக்கிறேன். ஆலையின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "தயாரிப்பாளர் கொடுக்க மாட்டேன் என்கிறார்" என்று சொல்வது பாதிதான் சரி.

செவ்ரோலெட்டின் சிறிய பிளாக் எஞ்சின் 1955-இல் 265 கன அங்குலமாகத் தொடங்கியது. 350 வந்தது 1967 மாடலில். அதன் பிறகு லட்சக்கணக்கான பிக்அப்களில், வேன்களில் அதே எஞ்சின். எழுபது, எண்பதுகளில் ஷார்ட் டிராக் செழித்ததற்கு உண்மையான காரணம் பழைய இரும்புக் கடைதான். விபத்தில் போன வண்டியில் இருந்து எஞ்சினை இறக்கி, வீட்டுப் பின்புறம் பூட்டினால் பந்தய எஞ்சின். தயாரிப்பாளர் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தெருவிலேயே கிடந்தது.

1997-இல் செவ்ரோலெட்டின் கார்வெட் காரில் எல்எஸ் என்ற புது வடிவ எஞ்சின் வரிசை வந்தது. பிக்அப்களும் ஒவ்வொன்றாக மாறின. பழைய வடிவத்தின் நல்ல பிளாக் கடையில் அருகிப்போனது. சீல் வைத்த பெட்டி எஞ்சின் அந்த நேரத்தில் வந்து அந்த இடத்தை நிரப்பியது. ஆனால் சூழ்நிலை தலைகீழ். முன்பு லட்சக்கணக்கான சாலை வண்டிகள் அந்த எஞ்சினைத் தாங்கின. இப்போது மாற்று எஞ்சின், படகு, பந்தயம் போன்ற சிறு தேவைகளுக்காகவே அதை வார்க்கிறார்கள்.

சிறு உற்பத்தி என்றால் என்ன ஆகும் தெரியுமா? கேம் ஷாஃப்ட் சப்ளையர் ஒருவர் தாமதித்தால் மொத்த வரிசையும் நிற்கும். கொரோனாவுக்குப் பிந்தைய இரண்டு வருடம் அப்படித்தான் ஆனது. விற்பனையாளர்களிடம் காத்திருப்போர் பட்டியல் நீண்டது, பழைய எஞ்சின் விலை ஏறியது. ஒரே பாக எண்ணை நம்பி ஒரு விளையாட்டையே கட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இதனால்தான் ஒரு வகுப்பை ஒரே தயாரிப்பாளரின் எஞ்சினோடு கட்டக் கூடாது என்பது என் கருத்து. ஃபோர்டும் 347 கன அங்குலத்தில் சீல் வைத்த எஞ்சின் விற்கிறது. எடையையும் கார்புரேட்டர் அளவையும் மாற்றி இரண்டையும் சமப்படுத்தலாம். வேலை அதிகம், தகராறும் வரும். ஆனால் ஒரு கதவு மூடினால் இன்னொன்று இருக்கும்.

ஓரகடம் பையன் (சென்னை)

இருசக்கரத்திலும் இதே கதை. அமெரிக்க ஃபிளாட் டிராக் என்ற மண் தட பைக் பந்தயத் தொடரில், இந்தியன் மோட்டார்சைக்கிள் என்ற அமெரிக்க நிறுவனம் எஃப்டிஆர்750 என்ற முழுப் பந்தய வண்டியை இறக்கி, 2017-இல் ஜாரெட் மீஸ் என்ற ஓட்டுநர் மூலம் பட்டம் வென்றது. அதைத் தனியாருக்கும் விற்றார்கள், விலை 49,900 டாலர். விற்பனைக்கு உண்டு என்பது உண்மை. ஒரு தனியாள் வாங்குவாரா என்பது வேறு கேள்வி.

அதே தொடரில் 2020-இல் ராயல் என்ஃபீல்டு இறங்கியது, சாலை வண்டியின் 650 இரட்டை சிலிண்டர் எஞ்சினை அடிப்படையாக வைத்து. எங்கள் ஊர்ப் பக்கம் தயாராகிற எஞ்சின்! எந்த ஷோரூமிலும் வாங்கக் கூடியது. அடிப்படை எஞ்சின் சாலையில் ஓடினால், உதிரி தானாகவே எல்லா ஊரிலும் இருக்கும். நிலா அக்கா சொன்ன பழைய இரும்புக் கடைக் கணக்குக்கு இன்றைய வடிவம் இது என்று நினைக்கிறேன்.

லேத் பட்டறை (கோவை)

நிலாம்மா சொன்னது எனக்குப் புதுச் செய்தி. பழைய எஞ்சின் கிடைக்காமல் போனதால்தான் பெட்டி வந்தது என்று தெரிந்திருந்தால் முதல் பதிவில் அவ்வளவு சூடாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் கேட்கிறேன்: சீலை வைத்துக்கொள்ளட்டும். திறந்து மூடி மறுபடி சீல் வைக்கிற அங்கீகாரத்தை ஏன் ஊருக்கு ஒரு பட்டறைக்குத் தரக் கூடாது? பரீட்சை வைக்கட்டும், அளவுப் பட்டியல் கொடுக்கட்டும், தப்பு செய்தால் பறிக்கட்டும். தொழிலும் வாழும், பையன்களும் ஓட்டுவார்கள்.

செந்தில் (வட கரோலினா)

ஐயா, இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன், உங்கள் அளவுக்குத் தெளிவாக வரவில்லை.

மேல்மட்டத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கீழே வந்து சேர்கிறது. முன்பெல்லாம் பெரிய அணிகள் புது எஞ்சினுக்கு மாறும்போது பழையதை விற்றுவிடுவார்கள். செவ்ரோலெட்டின் எஸ்பி2 வகை எஞ்சின் 1998-இல் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடருக்கு வந்தது. 2007-இல் அடுத்த வகையான ஆர்07 வந்ததும் எஸ்பி2 எஞ்சின்கள் சந்தைக்கு வந்தன. சின்னத் தொடர்களில், மண் தடங்களில் பல வருடம் ஓடின. உச்ச அணியின் பொருள் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு தச்சரின் காருக்கு வந்தது.

இப்போது கப் எஞ்சின்கள் பெரும்பாலும் வாடகைக்குத்தான். வார இறுதிக்கு எடுத்து, ஓட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கையில் ஒன்றும் மிஞ்சாது, விற்கவும் எதுவும் இருக்காது. 2012-இல் டாட்ஜ் காரில் பிராட் கெசலோவ்ஸ்கி என்ற ஓட்டுநர் கப் பட்டம் வென்றார், அந்த சீசன் முடிந்ததும் டாட்ஜ் தொடரை விட்டே போய்விட்டது. பட்டம் வென்ற எஞ்சினுக்கே அந்த கதி என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

இடையில் வந்த ஒரு வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2006-இல் நாஸ்கார் தன் கிழக்கு, மேற்கு வட்டாரத் தொடர்களுக்கு ஸ்பெக் எஞ்சின் என்று கொண்டுவந்தது. குறிப்பிட்ட பாகங்களைத் தொகுப்பாக வாங்கி, நீங்களே பூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. லேத் ஐயா கேட்கிற மாதிரி பட்டறைக்கும் வேலை, அளவும் எல்லோருக்கும் ஒன்று. 2015-இல் ஆர்கா என்ற இன்னொரு கார் பந்தயத் தொடருக்கு வந்த இல்மோர் 396 எஞ்சின் அப்படி இல்லை. மிச்சிகனில் ஒரே இடத்தில் பூட்டி சீல் வைத்து வருவது. செலவு குறைந்தது உண்மை. 2018-இல் நாஸ்காரின் பிக்அப் டிரக் தொடரும் அதை அனுமதித்தது. ஆனால் பழுதுக்கு எல்லாமே திரும்ப அங்கேதான் போக வேண்டும்.

நான் ஒரு கடிதம் எழுதப் போகிறேன், எங்கள் தடத்தின் விதிக்குழுவுக்கு. வகுப்பில் அனுமதிக்கிற எந்த எஞ்சினும் கடையில் யாருக்கும் ஒரே விலைக்கு விற்கப்பட வேண்டும். நூறு மைலுக்குள் ஒரு பட்டறைக்காவது மறுசீல் அங்கீகாரம் வேண்டும். தயாரிப்பு நிற்கிறது என்றால் இரண்டு சீசன் முன்னால் அறிவிப்பு, அதற்குள் மாற்று எஞ்சினை விதியில் சேர்ப்பது. பெரிய தொடரையும் தயாரிப்பாளரையும் எங்களால் அசைக்க முடியாது. ஆனால் 1965-இல் விதி எழுதியவர்கள் அசைத்தார்கள். உள்ளூர்த் தடங்கள் பத்து சேர்ந்து கேட்டால் ஒரு விற்பனையாளராவது காது கொடுப்பார்.

மண்தட ரசிகன் (ஜார்ஜியா)

கடிதத்தை இங்கே போடுங்கள் அண்ணா. எங்கள் தடத்துக்கும் கொண்டுபோகிறேன், இரண்டு பேர் குழுவில் எனக்குத் தெரிந்தவர்கள்.

எஞ்சின் வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? 602 என்றால் ஒன்று சொல்கிறேன். அதில் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த ராக்கரும் (வால்வைத் தள்ளும் நெம்பு) சாதாரண வால்வு ஸ்பிரிங்கும்தான், மேல் சுழற்சியில் வைத்து விரட்டினால் முதலில் தளர்வது அது. உங்கள் வகுப்பு விதி மாற்று ஸ்பிரிங்குக்கு எந்தப் பாக எண்ணை அனுமதிக்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

செந்தில் (வட கரோலினா)

புதுசுதான், 604. பழையது வேண்டாம் என்று வீட்டில் ஓட்டெடுப்பே நடந்துவிட்டது. அவருடைய படகை விற்கிறார், நான் என் பங்குக்குப் பாதி போடுகிறேன். சீல் எண்களைப் பெட்டியைத் திறந்த அன்றே போட்டோ எடுத்துத் தடத்தில் பதிவு செய்வோம். கடிதத்தின் முதல் வரைவை ஞாயிறு இரவு இங்கே போடுகிறேன். லேத் ஐயா, மறுசீல் அங்கீகாரத்துக்கு ஒரு பட்டறை என்னென்ன அளவுக் கருவி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். அந்தப் பத்தியை உங்கள் சொற்களிலேயே வைக்கிறேன்.

லேத் பட்டறை (கோவை)

எழுதிக்கொண்டிருக்கிறேன் தம்பி. போர் கேஜ், மைக்ரோமீட்டர், வால்வு ஸ்பிரிங் டெஸ்டர், கேமை அளக்க டயல் கேஜும் டிகிரி வீலும், ஹெட்டின் கொள்ளளவு பார்க்க ப்யூரெட். மீதியை நாளைக்கு.